குழாயைப் பார்த்துப் பெயர் சொல்லாதீர்கள், மூடியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரையேற்றிய மீன்பிடிப் படகுகளின் அடிப்பகுதியில் வெள்ளைக் குழாய்கள் அப்பிக் கிடப்பதைப் பற்றித் தங்கள் நாளிதழ் படத்துடன் செய்தி வெளியிட்டிருந்தது. சுரண்டுகூலி, பெயின்ட், கூடுதல் டீசல் என்று படகுக்காரர் தலையில் விழும் செலவைப் பேசியது நல்ல காரியம். ஆனால் அதே செய்தியில் இந்த உயிரி ஓரிடத்தில் ‘பவளப்பூச்சி’ என்றும், வேறோர் இடத்தில் ‘கொட்டலசுக் குஞ்சு’ என்றும், தலைப்பில் ‘புதிதாக ஊடுருவிய அந்நியப் புழு’ என்றும் எழுதப்பட்டிருக்கிறது. முதல் இரண்டும் தவறு. மூன்றாவதை அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எங்களாலும் சொல்ல முடியாது, வேறு எவராலும் முடியாது. அடையாளம் காட்டும் உறுப்பு அந்தப் படத்தில் இல்லவே இல்லை.

படத்தில் இருப்பவை செர்ப்புலிட் குடும்பத்துப் புழுக்களின் சுண்ணாம்புக் குழாய்கள். மண்புழுவும் அட்டையும் சேர்ந்த வளைத்தசைப் புழுக்களின் தொகுதியில், பெரும்பாலும் கடலில் வாழும் பாலிகீட்டா பிரிவைச் சேர்ந்தவை இவை. கழுத்துப் பகுதியில் உள்ள சுரப்பிகளிலிருந்து கால்சியம் கார்பனேட்டைச் சுரந்து, குழாயின் வாயில் வளையம் வளையமாகச் சேர்த்துக்கொண்டே போகும். ஒருமுறை ஒட்டிக்கொண்டால் ஆயுள் முழுக்க அதே இடம்தான். வெளியே நீட்டுவது தலையில் உள்ள செவுள் விசிறியை மட்டுமே; மூச்சும் இரையும் அதன் வழியாகத்தான். அந்த விசிறியின் இழைகளில் ஒன்று உருமாறி மூடியாகியிருக்கும். நிழல் பட்டாலோ நீர் அதிர்ந்தாலோ புழு நொடியில் உள்ளே இழுத்துக்கொள்ள, மூடி குழாயின் வாயை அடைத்துவிடும்.

வெப்பக் கடல் துறைமுகங்களில் இக்குடும்பத்தில் அதிகம் கண்ணில் படும் பேரினம் ஹைட்ராய்டிஸ். நார்வேயின் ட்ரோண்ட்ஹெய்ம் நகரப் பேராயரும் இயற்கையியலாளருமான யோஹான் எர்ன்ஸ்ட் குன்னெருஸ் 1768-இல் இதை நிறுவினார். இன்று 100-க்கும் மேற்பட்ட சிற்றினங்களோடு செர்ப்புலிட் குடும்பத்திலேயே பெரிய பேரினமாக இருக்கிறது. நம் துறைமுகப் படகுகளில் ஒட்டுவது பெரும்பாலும் இதில் ஒன்றான ஹைட்ராய்டிஸ் எலிகன்ஸ். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நீக்க வேண்டுமானால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில், கையில் இருப்பது செர்ப்புலிட் தானா? ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்காமல், தோல் போலவோ சேறு ஒட்டியதாகவோ வளைந்து கொடுத்தால் அது சபெல்லிட் என்ற வேறு குடும்பம். கொட்டலசு என்பது இறால், நண்டின் உறவு. கூம்பாகச் சேர்ந்த தகடுகள் இருக்கும், நீண்ட குழாய் இருக்காது. கல்பவளத்தில் கிண்ணத்துக்குள் ஆரம் ஆரமாகத் தடுப்புச் சுவர்கள் தெரியும். உண்மையில் ஏமாற்றுவது வெர்மெட்டிட் என்னும் நத்தைதான். அதுவும் பாறையில் ஒட்டி வளைந்து வளைந்து வெள்ளைக் குழாய் கட்டும். குழாயை உடைத்து உட்புறத்தைப் பாருங்கள்: நத்தைக் குழாயின் உள்சுவர் பீங்கான் போலப் பளபளக்கும், சுவரில் மூன்று அடுக்குகள் இருக்கும், தொடக்க முனையில் குட்டி நத்தைச் சுருள் மிஞ்சியிருக்கும். புழுக் குழாயில் சுவர் இரண்டு அடுக்கு, உட்புறம் மங்கல். கடற்பாசி இலைகளிலும் கடற்புல்லிலும் சில மில்லிமீட்டர் அகலத்தில் தட்டையாகச் சுருண்டிருக்கும் வெள்ளைப் பொட்டுகள் ஸ்பைரார்பிஸ் கூட்டத்தைச் சேர்ந்தவை. அவையும் செர்ப்புலிட்களே, ஆனால் ஹைட்ராய்டிஸ் அல்ல. ஹைட்ராய்டிஸ் குழாய் அப்படி ஒழுங்கான சுருளாக அமைவதில்லை.

குழாயிலிருந்து கிடைக்கும் தகவல் இவ்வளவோடு முடிந்துவிடும். ஹைட்ராய்டிஸ் எலிகன்ஸின் குழாய் வெண்மை, வெளிவிட்டம் 1 முதல் 2 மி.மீ. ஒட்டியிருக்கும் பகுதியில் மேல்முதுகில் நீளவாக்கில் இரண்டு வரம்புகள் ஓடலாம். அப்போது குறுக்குவெட்டு சரிவகமாகத் தெரியும். நெருக்கடி கூடி, குழாய் பரப்பை விட்டு எழும்பி நிற்கும்போது அதே புழுவின் குழாய் உருண்டையாகிவிடும், வரம்புகள் மறைந்துவிடும். தனியாக ஒட்டியது படர்ந்து ஊரும்; கூட்டமாக ஒட்டியவை ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கட்டியாகும். ஆகவே ஒரே படகில், ஒரே சிற்றினம், நான்கு விதக் குழாய்களோடு கிடைக்கும். குழாயின் புகைப்படத்தை மட்டும் அனுப்பிப் பெயர் கேட்பவர்களிடம் ‘செர்ப்புலிட்’ என்பதற்கு மேல் நாங்கள் எதுவும் சொல்லாதது இதனால்தான்.

இனி மூடிக்கு வருவோம். 20 முதல் 40 மடங்கு பெரிதாக்கும் முப்பரிமாண நுண்ணோக்கி போதும். செவுள் விசிறியின் முதுகுப் பக்கத்தில், மற்ற இழைகளைவிடத் தடித்த ஒரு காம்பு இருக்கும். ஹைட்ராய்டிஸில் அந்தக் காம்பு உருண்டை, வழவழப்பு. பக்கவாட்டில் சிறகு போன்ற மடிப்பு எதுவும் கிடையாது. காம்பின் நுனியில் ஒரு புனல். பல ஆரங்கள் பக்கத்தில் பக்கமாக இணைந்து அந்தப் புனல் ஆகியிருக்கிறது. இணைந்த ஆரங்களின் நுனி மட்டும் தனித்தனியே நீட்டிக்கொண்டிருப்பதால் விளிம்பு பல் பல்லாகத் தெரியும். இது கீழ்த்தளம். புனலின் நடுவிலிருந்து எழும்பி நிற்கிறது மேல்தளம்: மஞ்சளும் பழுப்பும் கலந்த, கைட்டின் தன்மையுள்ள முட்கள் வட்டமாக நிற்கும் முள்வட்டம். கீழே புனல், மேலே முள்வட்டம் என்ற இந்த இரண்டு தளம்தான் ஹைட்ராய்டிஸின் முத்திரை. உறவுக்காரப் பேரினமான செர்ப்புலாவில் புனல் மட்டும் இருக்கும், முள்வட்டம் இருக்காது.

புதியவர்கள் சறுக்குவது ஸ்பைரோபிராங்கஸில். அதன் மூடியிலும் மான்கொம்பு போலக் கிளைத்த முனைகள் நிற்கக்கூடும். முள்ளைப் பார்த்த வேகத்தில் ஹைட்ராய்டிஸ் என்று எழுதிவிடுவார்கள். இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, காம்பின் இரு பக்கமும் சிறகு மடிப்பு இருக்கிறதா? இருந்தால் ஸ்பைரோபிராங்கஸ். இரண்டு, மூடியின் தலையை ஊசியால் தொட்டுப் பாருங்கள். ஸ்பைரோபிராங்கஸ் மூடியில் வெள்ளைச் சுண்ணாம்புத் தகடு, கடினமாக ஊசியைத் தடுக்கும். ஹைட்ராய்டிஸ் மூடியில் சுண்ணாம்பு கிடையாது, முள் லேசாக வளைந்து கொடுக்கும்.

உப்பங்கழி, முகத்துவாரம் போன்ற உவர்நீரிலிருந்து எடுத்ததென்றால் ஃபிக்கோபொமாட்டஸ் பேரினத்தை நினைவில் வைத்திருங்கள். அதில் ஃபிக்கோபொமாட்டஸ் எனிக்மாட்டிகஸின் மூடியில் உள்நோக்கி வளைந்த கரிய முட்கள் உண்டு. ஆனால் கீழே ஆரங்களால் ஆன அந்தப் பல்விளிம்புப் புனல் தளம் இல்லை. குழாயிலும் இடைவெளி விட்டு விட்டு வாய் விரிந்த கழுத்துவளையங்கள் நிற்கும். இதே பேரினத்தின் இன்னொரு சிற்றினத்தை, நியோபொமாட்டஸ் உஷகோவி என்ற பெயரில், இலங்கையின் உவர்நீர்ப் பகுதிகளிலிருந்து டி.ஜி. பிள்ளை 1960-இல் விவரித்தார். அதன் மூடியில் முள்ளே கிடையாது. மூடி மொட்டையாக இருக்கிறதே, முட்கள் உதிர்ந்துவிட்டன போலும் என்று எண்ணி அதை ஹைட்ராய்டிஸ் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

பேரினம் உறுதியானால் சிற்றினத்துக்கு முள்வட்டமே வழிகாட்டும். மேலிருந்து ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை, இரண்டு கோணத்திலும் பாருங்கள். முட்கள் எத்தனை, எல்லாம் ஒரே அளவா, எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன, ஒவ்வொரு முள்ளின் பக்கவாட்டிலும் உட்புறத்திலும் கிளைமுட்கள் உண்டா என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். எலிகன்ஸில் முட்கள் வழக்கமாக 14 முதல் 17 வரை, எல்லாம் ஏறக்குறைய ஒரே உருவம், சுற்றிலும் சமமாக விரிந்து நிற்கும். ஒரு முள்ளை மட்டும் உற்றுப் பார்த்தால் அதன் இரு ஓரங்களிலும் சின்னஞ்சிறு கிளைமுட்கள் தெரியும். மூடியின் மையத்தை நோக்கிய உட்புறத்திலும் அதேபோல ஒரு வரிசை இருக்கும். இந்த உள்வரிசையைப் பார்க்காமல் எலிகன்ஸ் என்று எழுதுவது அவசரம். இதே பேரினத்தின் மற்ற சிற்றினங்களில், அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து விவரிக்கப்பட்ட டயாந்தஸில் முட்கள் எல்லாம் வயிற்றுப் பக்கமாக ஒரே திசையில் வளைந்திருக்கும். டைராம்ஃபஸில் முள்நுனி இரு பக்கமும் கிளைத்து, நங்கூரத் தலை வடிவில் முடியும். ஜப்பானிலிருந்து விவரிக்கப்பட்ட எசோயென்சிஸில் முட்கள் நேராக, கிளைமுள் இல்லாமல் வழவழப்பாக இருக்கும். பிராக்கியகாந்தஸ் கூட்டத்தில் முதுகுப் பக்கத்து முள் ஒன்று மட்டும் பெருத்து, கொக்கியாகி மற்றவற்றின் மேல் கவிந்திருக்கும்.

மூடியைப் பார்த்தும் ஏமாறும் இடங்கள் உண்டு. இளம்புழுவின் முதல் மூடியில் இரண்டு தளம் இருக்காது. வளர வளரத்தான் முள்வட்டம் தோன்றும். சில மில்லிமீட்டரே நீளமுள்ள குழாய்களை மட்டும் சேகரித்தால், ஹைட்ராய்டிஸ் குஞ்சுகள் செர்ப்புலா என்று பதிவாகிவிடும். வளர்ந்த புழுவிலும் மூடி உடைந்து போவது சகஜம். அப்படிப் போனால், விசிறியின் மறுபக்கத்தில் சிறு மொட்டாகக் காத்திருக்கும் துணைமூடி வளர்ந்து புது மூடியாகும். பழைய பக்கத்தில் துணைமூடி முளைக்கும். இந்த இடமாற்றத்தை ஹைட்ராய்டிஸ் டயாந்தஸில் சோதனை செய்து சார்லஸ் செலெனி 1905-இல் வெளியிட்டார். ஆகையால் மூடி இடப்பக்கமா வலப்பக்கமா என்பது சிற்றின அடையாளம் ஆகாது. பாதி வளர்ந்த மூடியில் முட்களை எண்ணி ஒரு முடிவுக்கு வருவதும் கூடாது. இந்த இரண்டு காரணங்களுக்காகவும் ஒரு மாதிரியில் முழு வளர்ச்சியடைந்த புழுக்கள் 10-க்குக் குறையாமல் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

மூடியே இல்லாத புழுதான் கையில் இருக்கிறது என்றால் கழுத்துப் பட்டையின் சீட்டாக்கள், அதாவது உடலிலிருந்து நீட்டும் முடி போன்ற நுண்முட்கள், கைகொடுக்கும். மார்புப் பகுதியில் சீட்டாக்கள் உள்ள உடல் கண்டங்கள் வழக்கமாக 7. அவற்றில் முதலாவது கழுத்துப் பட்டைக்குரியது. அந்தக் கற்றையை நுண்ணூசியால் வேரோடு பெயர்த்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு கிளிசரினில் வைத்து, மூடுதகட்டை மெல்ல அழுத்தி, 400 மடங்கில் பாருங்கள். மெல்லிய முடிகளுக்கு நடுவே துப்பாக்கிமுனைக் கத்தி வடிவச் சீட்டாக்கள் தெரியும்: நீண்ட அலகு, அதன் அடியில் துருத்தும் பற்கள், ஹைட்ராய்டிஸில் பெரும்பாலும் இரண்டு. பற்கள் எத்தனை, கூர்மையா மழுங்கலா, பற்களுக்குக் கீழே பொடிப் பற்கள் இருக்கின்றனவா, அலகு வழவழப்பா என்பவை சிற்றினங்களைப் பிரிக்க உதவும். வயிற்றுப் பகுதியின் சீட்டாக்கள் ஊதுகொம்பு வடிவில் விரிந்து, விளிம்பில் வரிசைப் பற்களோடு இருக்கும். இவை பேரினத்தை உறுதிப்படுத்தத் துணைசெய்யும், தனியாக முடிவுசெய்யப் போதா. செர்ப்புலாவும் இதே போன்ற சீட்டாக்களை உடையது.

இனி ‘புதிதாக ஊடுருவியது’ என்ற கூற்று. எலிகன்ஸை ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகத்திலிருந்து விலங்கியலாளர் ஹாஸ்வெல் 1883-இல் விவரித்தார். பின்னர் பல பத்தாண்டுகள் உலகெங்கும் வெப்பத் துறைமுகங்களில் கிடைத்த இதே புழுவை, வட அட்லாண்டிக்கின் நார்வெஜிகா என்ற சிற்றினமாகவே ஆய்வாளர்கள் எழுதிவந்தார்கள். இரண்டும் வேறு வேறு என்பதை ஹெல்முட் சிப்ரோவியஸ் 1971-இல் மத்தியதரைக் கடல் மாதிரிகளைக் கொண்டு தெளிவுபடுத்தினார். அதற்கு முந்தைய இந்தியக் கட்டுரைகளில் ‘ஹைட்ராய்டிஸ் நார்வெஜிகா’ என்று வருவதைப் பார்த்து, ‘அப்போது எலிகன்ஸ் இங்கே இல்லை, இப்போது வந்துவிட்டது’ என்று முடிவுகட்டுவது பெரும் பிழை. சென்னைத் துறைமுகத்தில் ஒட்டுயிரிகளின் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் எம்.டி. பால் ஆராய்ந்து 1942-இல் விரிவாக வெளியிட்டார். நம் துறைமுகங்களில் இவ்வகைப் புழுக்களைப் பற்றிய பதிவுகள் அவ்வளவு பழையவை. பழைய பெயர் புதுப் பெயராக மாறியதை ஊடுருவலாகச் செய்தி ஆக்கிவிடக் கூடாது. அதற்காக உண்மையான வருகைகள் இல்லை என்று ஆகிவிடாது. ஹைட்ராய்டிஸ் சிற்றினங்கள் கப்பல்களின் அடிப்பகுதியில் ஒட்டிப் பெருங்கடல்களைத் தாண்டுவது உண்மை. ஒரு புதிய சிற்றினம் உண்மையிலேயே வந்து சேரும் நாளில் அதைக் கண்டுகொள்ள வேண்டுமானால், இன்றுள்ளவை எவை என்பது மூடியோடு, மாதிரியோடு பதிவாகியிருக்க வேண்டும். எங்கள் கவலையெல்லாம் இதுதான்.

பெயரில் என்ன இருக்கிறது, சுரண்டினால் போயிற்று என்று நினைப்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜப்பானின் ஹிரோஷிமா விரிகுடாவில் 1969-இல் இந்தப் புழு பெருவாரியாக ஒட்டி, வளர்ப்புச் சிப்பிகளுக்குக் கடும் சேதம் விளைவித்தது. அந்த நிகழ்வை விவரிக்கும் கட்டுரையிலும் நார்வெஜிகா என்ற பெயரே இருக்கிறது. அக்கட்டுரையை நார்வேயின் குளிர்கடல் புழுவைப் பற்றியது என்று எண்ணி ஒதுக்கினால், தொங்குகயிற்றில் சிப்பியோ மட்டியோ வளர்க்கும் நம்மூர்க்காரர்களுக்கு வேண்டிய எச்சரிக்கை கைக்கு வராமலே போய்விடும்.

சிற்றினம் தெரிந்தால் நடவடிக்கையும் தெளிவாகும். எலிகன்ஸின் லார்வா சுமார் 25 டிகிரி வெப்பத்தில் 5 நாள்களிலேயே ஒட்டத் தயாராகிவிடும். ஒட்டிய புழு சுமார் 3 வாரத்தில் இனப்பெருக்க வயதுக்கு வந்துவிடும். லார்வா வெறும் பரப்பில் ஒட்டுவதில்லை. பாக்டீரியாப் படலம் பிடித்த பரப்பைத் தேடும். சூடோஆல்டெரோமொனாஸ் லூட்டியோவயலேசியா என்ற பாக்டீரியா, சுருங்கும் நுண்குழல் வடிவப் புரதக் கட்டமைப்புகளால் இந்த லார்வாவின் உருமாற்றத்தைத் தூண்டுகிறது என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. படகு நகராமல் கட்டிக் கிடக்கும் வாரங்களில்தான் படலமும் புழுவும் பிடிக்கின்றன என்பதைப் படகுக்காரர்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

முக்கியமாக ஒன்று. எலிகன்ஸின் குழாயை உடைத்தால் முதிர்ந்த புழு அப்போதே முட்டையையோ விந்துவையோ வெளியிட்டுவிடும். ஆய்வகத்தில் லார்வா வளர்க்க நாங்கள் செய்வதும் இதுதான். நீருக்குள் முக்குளித்துப் படகைச் சுரண்டுவது, துறைமுகத்துக்குள்ளேயே அடுத்த தலைமுறையை விதைப்பதாக முடியும். கரையேற்றிச் சுரண்டுங்கள், சுரண்டியதைத் திரும்பக் கடலில் தள்ளாமல் வெயிலில் உலர விடுங்கள். குழாய் பெயர்ந்தாலும் அதன் அடித்தடம் வெள்ளைக் கோடாக மரத்திலோ ஃபைபரிலோ ஒட்டியிருக்கும். அந்தத் தடத்தின் மேலேயே பெயின்ட் அடித்தால் பூச்சு அங்கேதான் முதலில் கொப்பளித்துப் பெயரும். தடம் போகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்க உலர்ந்த பின்பே பூச வேண்டும். செம்பு கலந்த பூச்சு வலுவிழக்கத் தொடங்கும்போது முதலில் வந்து ஒட்டுபவற்றில் எலிகன்ஸும் ஒன்று, ஏனெனில் செம்பை ஓரளவு தாங்கக்கூடியது. அதற்காக டிரைபியூட்டைல் டின் கலந்த பழைய பூச்சுகளை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அவை கடல்வாழ் உயிர்களுக்குக் கேடு என்பதால் 2001-இல் உருவாகி 2008-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தம் தடைசெய்திருக்கிறது.

மின்நிலையங்களுக்கும் இது வெறும் பெயர் விவகாரம் அல்ல. கல்பாக்கம் அணுமின் நிலையம் குளிர்விப்புக்கான கடல்நீரைக் கடலடியில் 468 மீட்டர் நீளச் சுரங்கம் வழியாக எடுக்கிறது. இத்தகைய நீர்வழிகளில் விட்டுவிட்டுக் குளோரின் செலுத்தினால், சிப்பி ஓட்டையோ குழாய் மூடியையோ இறுக மூடிக்கொள்ளத் தெரிந்த உயிரிகள் அந்த நேரத்தைக் கடத்திவிடும். எது ஒட்டுகிறது, எந்த மாதத்தில் ஒட்டுகிறது என்று தெரிந்தால்தான் குளோரின் அளவையும் நேரத்தையும் சரியாக அமைக்க முடியும்.

மாதிரி எடுக்க விரும்பும் கல்லூரி மாணவர்களுக்காகவும் ஆர்வலர்களுக்காகவும் முறையைச் சொல்லிவிடுகிறோம். தனிக் குழாயைப் பெயர்க்காதீர்கள். உளி அல்லது புட்டிக் கத்தியால் உள்ளங்கை அளவு கட்டியாக, அடித்தளத்தோடு சேர்த்து எடுங்கள். அதே இடத்துக் கடல்நீரில், நிழலில் கொண்டுவாருங்கள். வாளியில் நெருக்கி வைத்து வெயிலில் விட்டால் புழு அதிர்ந்து மூடியையே காம்போடு உதிர்த்துவிடும், பிறகு மாதிரி கிடைத்தும் பயனில்லை. வீட்டுக் குழாயில் வரும் நல்ல தண்ணீரில் கழுவவும் கூடாது. உப்பில்லாத நீரில் உடல் உப்பி வெடிக்கும். உயிரோடு இருக்கும்போதே செவுள் விசிறியின் நிறத்தையும் வரிகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பதப்படுத்தும் சாராயத்தில் (எத்தனாலில்) நிறம் சில நாளில் போய்விடும்.

அடுத்து மயக்கம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 75 கிராம் மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டைக் கரைத்து, சம அளவு கடல்நீரோடு கலந்து, மாதிரியை அதில் வையுங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் விசிறி விரிந்தபடியே நிற்கும், தொட்டாலும் உள்ளே போகாது. அதன் பிறகே குழாயைப் பின்முனையிலிருந்து இடுக்கியால் நொறுக்கிக்கொண்டே முன்னோக்கி வர வேண்டும். வாய்ப்பக்கத்திலிருந்து தொடங்கினால் முதலில் நொறுங்குவது மூடிதான். மயக்காமல் நேரே ஃபார்மலினில் போட்டால் புழு உள்ளே சுருண்டு இறுகிவிடும்; பிறகு எடுப்பது புழுவின் துண்டுகளைத்தான்.

கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்குக் கடல்நீர் ஒன்பது பங்கு சேர்த்து 24 மணி நேரம் வைத்து, பிறகு 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். ஃபார்மலினில் கொஞ்சம் வெண்காரம் சேர்ப்பதை மறக்கக் கூடாது. சேர்க்காவிட்டால் அமிலம் ஏறி, சில வாரங்களில் குழாய் கரைந்து போகும். கையுறை அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் செய்யுங்கள். மரபணு ஆய்வுக்கென்றால் ஃபார்மலினை அண்ட விடாமல், சில புழுக்களை மட்டும் தனிக் குப்பியில் 95 சதவீத எத்தனாலில் போட்டுவிடுங்கள். குப்பிக்கு உள்ளேயே, தடித்த தாளில் பென்சிலால் எழுதிய சீட்டு இருக்க வேண்டும்: இடம், தேதி, ஆழம், எதன்மேல் ஒட்டியிருந்தது, நீரின் உப்பளவு, எடுத்தவர் பெயர். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும். குப்பியின் வெளியே ஒட்டிய லேபிள் எப்போது வேண்டுமானாலும் கழன்று விழும். படகிலிருந்து எடுத்ததென்றால் அது கடைசியாக எந்தத் துறைமுகங்களில் நின்றது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

நுண்ணோக்கியின் கீழ் வைக்கும்போது மூடி பெரும்பாலும் பாசியும் சேறும் படிந்திருக்கும். மெல்லிய தூரிகையால் முட்களின் திசையிலேயே துடைத்துவிட்டு எண்ணுங்கள். அழுக்கோடு எண்ணினால் உட்புறக் கிளைமுட்கள் கண்ணில் படாது, அங்கேதான் எலிகன்ஸ் வேறொன்றாகிவிடுகிறது.

தங்கள் நாளிதழிடம் நாங்கள் வேண்டுவது இவை. கடலில் ‘புதிய ஊடுருவி’ என்று செய்தி வரும்போது, அந்த அடையாளத்தைச் சொன்னவர் மூடியைப் பார்த்தாரா, மாதிரி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று நிருபர் கேட்டு எழுத வேண்டும். அந்த இரண்டுக்கும் விடை இல்லையென்றால் ‘செர்ப்புலிட் குழாய்ப்புழு’ என்று நிறுத்திக்கொள்வது நேர்மையான செய்தி. படம் போடுவதாக இருந்தால் குழாய்க் குவியலோடு, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த மூடியின் நெருக்கப் படமும் வேண்டும். சேகரித்த மாதிரிகளை வீட்டு அலமாரியில் வைத்திருப்பவர்கள், சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மண்டல மையத்தையோ, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்தையோ அணுகி ஒப்படைக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். பழைய மாதிரிகளைக் கல்லூரி அருங்காட்சியகங்கள் இடநெருக்கடி என்று கொட்டிவிடக் கூடாது. 1971-க்கு முன் ‘நார்வெஜிகா’ என்று சீட்டு எழுதி வைத்த ஒரு குப்பி எந்தக் கல்லூரியிலாவது இருந்தால், அதன் மூடியை இன்று மீண்டும் பார்த்து, நம் கரையில் எலிகன்ஸ் எப்போதிலிருந்து இருக்கிறது என்பதைச் சரிபார்க்க முடியும். அப்படிப்பட்ட குப்பி யாரிடமாவது இருந்தால், சாராயம் வற்றியிருக்கிறதா என்று முதலில் பார்த்து, வற்றியிருந்தால் இன்றே 70 சதவீத எத்தனால் ஊற்றி வையுங்கள்.

இப்படிக்கு,
கடற்புழு வகைப்பாட்டில் பணியாற்றும் ஆய்வாளர்கள் சிலர்,
தூத்துக்குடி.